முதிர்ந்த முயலுக்கு அறுவை மருத்துவம் தகுமா?

சகோதரி ஒருவரின் கடிதம் இம்மாதம் நம் முன் உள்ளது. அவர் இல்லத்தில் வளரும் பெண் முயலுக்கு வயது 6. சென்ற ஆண்டு முதுகில் அடிபட்டதால் பின்னங்கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. அவர் மகன்தான் கீரை கொடுத்து, உடலைத் துடைத்து, அதைப் பேணி வருகிறான். கருப்பையை அகற்றிவிட்டால் புற்றுநோய் வராது என யாரோ கூறியுள்ளனர். இந்த வயதில், இந்த நிலையில் அது தகுமா, மார்க்கம் இடம் தருமா என்பது அவர் வினா. "முயல் ஹலால்தானே, அறுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்கிறாராம் மாமியார்.

முயல் ஹலால் என்பது உண்மையே. அபூதல்ஹா (ரலி) அவர்கள் அனுப்பிய முயல் இறைச்சியை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி புகாரியில் உள்ளது. ஆனால், ஆகுமானதெல்லாம் கடமையாகிவிடாது. நம் பொறுப்பில் உள்ளவரை அந்த வாயில்லா ஜீவன் அமானிதமாகும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியை நாம் அறிவோம்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். பயன் கருதிப் பிராணிகளுக்கு விதை நீக்குவதில் குற்றமில்லை என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. உண்ணத் தகுந்த பிராணியாயின் இளமையில் ஆகும், முதிர்ந்தபின் ஆகாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. எனவே ஷாஃபிஈ குடும்பத்தார் தயங்குவதில் நியாயம் உண்டு. எனினும் இறைச்சி சிறப்பதற்காக ஆண் பிராணிக்குச் செய்வது வேறு. பிராணியின் உயிரைக் காக்கச் செய்யும் சிகிச்சை வேறு என்பதே எமது கருத்து. உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவீராக.

மார்க்கம் இடம் தந்தாலும், அறுவை இந்த முயலுக்கு நன்மையா என்ற கேள்வி எஞ்சுகிறது. கருப்பை நீக்கப்படாத பெண் முயலுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிகுகிறது. சில இனங்களில் 4 வயதைக் கடந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை அது பற்றுகிறது. நுரையீரலுக்குப் பரவிவிட்டாலோ, கருப்பையை அகற்றியும் பயனில்லை.

மறுபுறம் மயக்க மருந்தின் ஆபத்து இருக்கிறது. 2008இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், மயக்க மருந்து பெற்ற நலமான முயல்களில் ஆயிரத்துக்கு 7 இறந்தன. நோயுற்றவற்றிலோ நூற்றுக்கு 7 இறந்தன. ஆகவே வயதை மட்டும் எண்ணி முடிவெடுப்பது முறையன்று. உடல்நலத்தை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றை முதலில் செய்வியுங்கள். முயலுக்கு அறுவை செய்து பழகிய கால்நடை மருத்துவரையே நாடுங்கள்.

கால் ஊனம் மட்டுமே அறுவைக்குத் தடையாகாது. ஆனால் பின்னாலுள்ள பணிவிடை பெரிது. தையல் அடிவயிற்றில் இருக்கும். இம்முயலோ வயிற்றைத் தரையில் இழுத்து நகர்வது. சிறுநீர் பட்டால் புண் சீழ்பிடிக்கும். நாள்தோறும் பலமுறை விரிப்பை மாற்றி, உடலை உலர்த்த ஆள் வேண்டும். முயலுக்கு வாந்தி வராது. ஆதலால் அறுவைக்கு முன் பட்டினி போடத் தேவையில்லை. அறுவைக்குப் பின் அது விரைவில் உண்ணத் தொடங்க வேண்டும். குடல் இயக்கம் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. உங்கள் மகனுக்குத் தேர்வுக் காலமாயின், அப்பொறுப்பை ஏற்பவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

பரிசோதனை நலமெனக் காட்டி, பணிவிடைக்கு ஆளும் இருப்பின் அறுவை செய்யலாம். நுரையீரலில் நோய் தென்பட்டாலோ, உடல் தாங்காதென மருத்துவர் கூறினாலோ விட்டுவிடுங்கள். அது கைவிடுவதாகாது. மாதந்தோறும் எடை பாருங்கள். சிறுநீரில் செந்நிறம் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். சில கீரைகளும் செந்நிறம் தரும்; அது இரத்தமா அல்லவா என்பதைப் பரிசோதனையே சொல்லும். வலி நீக்கும் மருந்தும் உலர்ந்த படுக்கையும் சிகிச்சையே.

இரு தீங்குகளில் சிறியதைத் தேர்ந்துகொள்வது ஃபிக்ஹின் விதி. எது சிறியது என்பதை நம் வசதியைக் கொண்டன்றி, அந்த ஜீவனின் நலனைக் கொண்டே அளக்க வேண்டும். அந்த நிய்யத்தோடு எடுக்கும் முடிவு எதுவாயினும், வல்ல நாயன் அதற்கு நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.