ஆற்றில் விடப்படும் அரபுத் தமிழ்: ஆப்பிரிக்க அறிஞர்களிடம் நாம் கற்கத் தவறிய பாடம்



அரபு எழுத்துள்ள பழைய தாள் எதுவாயினும் அதைக் குப்பையில் எறியாமல் ஆற்றில் விடுவதும், மையவாடியின் ஓரத்தில் புதைப்பதும் நம் டெல்டா ஊர்களில் நெடுநாள் வழக்கம். திருக்குர்ஆனின் கிழிந்த ஏடுகளுக்கு அந்தக் கண்ணியம் உரியதே. ஆனால் அரபு எழுத்தில் இருப்பவை எல்லாம் குர்ஆன் அல்ல. பாட்டனாரின் கடைக் கணக்கு, வைத்தியக் குறிப்பு, பெண்களுக்கென எழுதப்பட்ட ஃபிக்ஹு நூல், ரங்கூனிலிருந்து வந்த கடிதம் என எத்தனையோ அதில் அடங்கும். அவை அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் இராஜகிரியிலும் ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடிகள் எழும்புகின்றன. அப்போது பெட்டகத்தின் அடியிலிருந்து வரும் இந்த ஏடுகளை வாசிக்க அறியாத பேரன், பயபக்தியோடு அவற்றை வெண்ணாற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறான். அலட்சியம் செய்வதைக் காட்டிலும் நம் மரியாதை அதிகமாக அழித்துக்கொண்டிருக்கிறது.

இதே நிலையில் இருந்த இன்னொரு சமுதாயம், அத்தகைய ஏடுகளைக் கொண்டே ஒரு பல்கலைக்கழகத் துறையை உலக அரங்கில் நிறுத்திவிட்டது. அது மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் சமுதாயம். அவர்களுடன் கைகோக்கும் வாய்ப்பு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் கொள்ளிடக் கரைக்கு வந்தது. வந்த வாய்ப்பு எப்படி வழிதவறியது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் லியோபோல்ட் செங்கோர் ஒரு கவிஞர். அவர் கத்தோலிக்கர், அவர் ஆண்ட மக்களோ மிகப் பெரும்பான்மை முஸ்லிம்கள். 1974-இல் இந்தியா வந்த அவர், திராவிடர்க்கும் ஆப்பிரிக்கர்க்கும் இடையே தொன்மையான உறவு உண்டு என்று சென்னையில் உரையாற்றினார். அந்த எண்ணத்தின் விளைவாகத் தலைநகர் டக்காரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுத் துறை உருவாயிற்று. தமிழறிஞர் க. ப. அறவாணனும் மொழியியலறிஞர் யு. பி. உபாத்யாயாவும் அங்கே சென்று பணியாற்றினர். செனகலிலிருந்து ஷெய்க் திதியான் என்தியாய் என்பவர் சிதம்பரத்திற்கு வந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் திராவிட மொழிகளுக்கும் வொலோஃப் மொழிக்கும் உள்ள உறவை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் பெயரைச் சற்று நின்று கவனியுங்கள். 'ஷெய்க்' என்பது நாம் அறிந்த ஷெய்கு. 'திதியான்' என்பது திஜானிய்யா தரீக்காவின் நிறுவனர் அஹ்மது அத்-திஜானி அவர்களின் பெயர் செனகல் நாவில் அடைந்த வடிவம். நாகூர் தர்காவுக்கு எத்தனை மைல் தொலைவில் அவர் தங்கியிருந்தார்! ஆனால் அந்தக் கூட்டாய்வு முழுவதும் வேர்ச்சொற்களை ஒப்பிடுவதிலும் இனத் தொன்மையைத் தேடுவதிலும் செலவாயிற்று. ஒலியில் ஒத்த சொற்களை அடுக்கி உறவு நிறுவிய அந்த முறையை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. முயன்றவர்களின் உழைப்பையோ நேர்மையையோ நான் குறைத்துப் பேசவில்லை. காலனி ஆட்சியில் இழிவுபட்ட மக்கள் தம் பெருமையைத் தேடியது இயல்பே. எனினும் ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய உறவைத் தேடியவர்கள், கண்முன் இருந்த உறவைக் காணவில்லை.

அந்த உறவு இதுதான். வொலோஃப் மொழியை அரபு எழுத்தில் எழுதும் 'வொலோஃபல்' மரபு செனகலில் உண்டு. ஹவுஸா, ஃபுலானி, சுவாஹிலி மொழிகளிலும் அவ்வாறே. இவற்றைப் பொதுவாக 'அஜமி' என்பர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மக்களுக்குப் புரியும் பொருட்டு 'ஃபத்ஹுத் தய்யான்' என்னும் சட்ட நூலை அரபுத் தமிழில் இயற்றினார். ஏறத்தாழ அதே காலத்தில் வாழ்ந்த ஷெய்கு அஹ்மது பம்பா (1853–1927) அரபியில் கஸீதாக்கள் பாட, அவருடைய சீடர்கள் வொலோஃபலில் பாடி ஊர்தோறும் மார்க்கத்தைக் கொண்டுசென்றனர். காதிரிய்யா தரீக்கா இருபுறமும் உண்டு. மொரோக்கோவின் அல்-ஜஸூலி தொகுத்த 'தலாயிலுல் கைராத்' இருபுறமும் ஓதப்படுகிறது. பூஸிரியின் புர்தாவும் அப்படியே. இவற்றை ஒப்பிட வேர்ச்சொல் ஊகம் எதுவும் வேண்டாம். நூல்கள் இருக்கின்றன, ஆண்டுகள் இருக்கின்றன, ஓதும் மக்களும் இருக்கிறார்கள்.

பின்னர் ஆப்பிரிக்கர்கள் தாமே அதைச் செய்தனர். செனகலில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பேராசிரியர் ஃபாலு எங்கோம், தம் தந்தையின் மறைவுக்குப் பின் அவருடைய காகிதங்களிடையே வொலோஃபலில் எழுதிய ஒரு கடன் குறிப்பைக் கண்டார். பிரெஞ்சு எழுத்தறியாததால் 'எழுத்தறிவற்றவர்' என்று கணக்கிடப்பட்ட மனிதர் அவர். ஆனால் கொடுக்கல் வாங்கலைத் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறார். நம் பாட்டிமார்களும் அப்படித்தான் அல்லவா? தலைமாட்டில் அரபுத் தமிழ்க் கிதாபு வைத்து அன்றாடம் ஓதியவர்கள், அரசாங்கப் பத்திரத்தில் கைநாட்டு. எங்கோம் அந்தக் குறிப்பை வைத்துக் கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை. செனகல் ஊர்களில் வீடு வீடாக இருந்த அஜமி ஏடுகளை உள்ளூர் அறிஞர்களுடன் சேர்ந்து மின்படியாக்கினார். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் அதற்குப் பொருளுதவி செய்தது. மூலப்படி சொந்த நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்பது அத்திட்டத்தின் விதி. முரீதிய்யா இயக்கத்தின் அஜமி இலக்கியம் பற்றி 2016-இல் அவர் எழுதிய நூல், மறு ஆண்டு ஆப்பிரிக்க ஆய்வுச் சங்கத்தின் ஹெர்ஸ்கோவிட்ஸ் பரிசைப் பெற்றது.

மாலி நாட்டுத் திம்புக்துவையும் நினைவுகூர்வோம். 2012-இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, அப்துல் காதிர் ஹைதராவும் தோழர்களும் பெருந்தொகையான கையெழுத்துப் பிரதிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் பாமாக்கோவுக்குக் கடத்திக் காத்தனர். அவர்களும் ஆற்றில்தான் விட்டார்கள். படகில் ஏற்றி விட்டார்கள். அதற்கு முன்பே தென்னாப்பிரிக்கா அங்கே நூலகம் கட்டிக் கொடுத்திருந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகம் திம்புக்து ஏடுகளுக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தியது. அந்தக் கேப் டவுன் நமக்கு அந்நியமன்று. டச்சுக்காரர் 1658-இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியதை அடுத்துத் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தது. பசியால் விற்கப்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். சோழமண்டலக் கரையின் அடிமைகள் கேப் டவுனிலும் இறக்கப்பட்டார்கள். அங்கு உருவான முஸ்லிம் சமுதாயம் ஆஃப்ரிகான்ஸ் மொழியை அரபு எழுத்தில் எழுதியது. அபூபக்கர் எஃபந்தி அவ்வாறு எழுதிய 'பயானுத் தீன்' 1877-இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. இன்று ஆஃப்ரிகான்ஸ் மொழி வரலாற்றை அத்தகைய நூல்களை விட்டுவிட்டு எழுத முடியாது. தமிழ் மொழி வரலாற்றில் அரபுத் தமிழுக்கு எத்தனை பக்கம் என்று உங்கள் பிள்ளையின் கல்லூரிப் பாடநூலைத் திறந்து பாருங்கள்.

இனி, கூட்டாய்வு என்றால் எத்தகைய கூட்டு? இதிலும் ஆப்பிரிக்கர்களே நமக்கு ஆசான்கள். பெனின் நாட்டு மெய்யியலறிஞர் பாலின் ஹூன்தோன்ஜி, ஆப்பிரிக்கா தரவு தரும் வயலாகவும் ஐரோப்பா கோட்பாடு சமைக்கும் அடுக்களையாகவும் இருப்பதைக் கடுமையாகச் சாடினார். அந்தச் சிந்தனை வளர்ந்து, 2023-இல் நமீபியாவின் விண்ட்ஹூக் நகரில் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகச் சங்கத்தின் மாநாட்டில் ஆய்வுக் கூட்டுறவுக்கான சாசனமாக வெளிவந்தது. ஆய்வின் கேள்வியை யார் எழுப்புவது, பணத்தை யார் ஆள்வது, விளைச்சல் எங்கே தங்குவது என்பதிலெல்லாம் சமநிலை வேண்டும் என்பது அதன் சாரம். நாமோ, புகைப்படக் கருவியுடன் வருபவருக்குத் தேநீர் கொடுத்துப் பெட்டகத்தைத் திறந்துவிடுகிறோம். ஒரு பிரதி கேட்டு வாங்கும் வழக்கம்கூட நம்மிடம் இல்லை. வருபவர்மீது குற்றமில்லை, கேளாதவனுக்கு யார் கொடுப்பார்?

'ஆப்பிரிக்காவிடம் கற்க என்ன இருக்கிறது?' என்று முகம் சுளிப்போர் நம்மில் உண்டு. பிள்ளைக்குப் பிலால் என்று பெயர் சூட்டுகிறோம். முதல் ஹிஜ்ரத்துக்கு அடைக்கலம் தந்த நஜ்ஜாஷியின் வரலாற்றை மிம்பரில் கேட்கிறோம். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தையும் ஓதுகிறோம். பின்னர் நம் நகரங்களில் படிக்க வரும் ஆப்பிரிக்க மாணவனுக்கு வாடகைக்கு வீடு தரத் தயங்குகிறோம். லண்டன் கல்லூரியோடு ஒப்பந்தமென்றால் பதாகை கட்டுவோம். டக்காரோடு என்றால் சிரிப்போம்.

'அந்தக் கிதாபுகளில் நம் அகீதாவுக்கு ஒவ்வாதவை உள்ளன, அழிவதே நல்லது' என்று வாதிடும் சகோதரர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். மவ்லிதை ஓதுவதா வேண்டாமா என்பது உங்களுக்கும் உங்கள் உலமாக்களுக்கும் இடையிலானது. ஒரு நூலைக் காப்பது அதை ஏற்பதாகாது. நீங்கள் மறுக்க விரும்பினாலும் மறுப்பதற்கு அந்த நூல் இருந்தாக வேண்டும்.

தஞ்சையில் சரஸ்வதி மகால் இருக்கிறது. 1981-இல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. நம் பெட்டகங்கள் தாமாக நடந்து அங்கே போய்ச் சேர மாட்டா. அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் நம் முன்னோர் கட்டியவை. அவற்றின் தமிழ்த் துறையும் அரபுத் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து, டக்காருக்கும் கேப் டவுனுக்கும் ஒரு கடிதம் எழுதுவது பெருஞ்செலவன்று.

அதற்குமுன் ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடியது உண்டு. வீடு இடிக்கும் முன் பள்ளிவாசலில் தகவல் சொல்லட்டும். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த முதியவர் ஒருவரும் கைப்பேசி கையாளும் இளைஞர் ஒருவரும் சென்று பார்க்கட்டும். நூலின் பெயர், எழுதியவர், ஹிஜ்ரி ஆண்டு, வைத்திருந்த குடும்பம் ஆகிய நான்கையும் ஒரு பதிவேட்டில் எழுதி, பக்கந்தோறும் படமெடுத்த பிறகே ஏடு பெட்டிக்குத் திரும்பட்டும். வெளிநாட்டு ஆய்வாளர் வந்தால் அந்தப் பதிவேட்டை முதலில் காட்டுங்கள். ஒரு முழு மின்படி ஊரில் தங்க வேண்டும், ஆய்வுரையில் ஊரின் பெயரும் வாசித்துத் தந்த முதியவரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அவ்வாறு வாசித்துத் தரக்கூடியோர் உங்கள் மஹல்லாவில் இன்று எத்தனை பேர் என்பதை இந்த ஜும்ஆவிலேயே எண்ணிப் பாருங்கள்.