ஆற்றங்கரைக் கனைப்பு

ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது, படித்துறைக்கு முந்தின திருப்பத்தில் தாத்தா ஒருமுறை கனைப்பார். தொண்டையில் சளி ஒன்றும் கிடையாது. அடுத்த துறையில் பெண்கள் துவைத்துக்கொண்டும் மஞ்சள் தேய்த்துக் குளித்துக்கொண்டும் இருப்பார்கள். ஆள் வருகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கனைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, தண்ணீரையே பார்த்தபடி இறங்குவார். "ஏல, ஆத்துக்கு வந்தா தண்ணியப் பாரு, ஆளப் பாக்காத" என்று எனக்கும் சொல்வார்.

தாமிரபரணிக்குச் சுவரும் இல்லை, கதவும் இல்லை. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எத்தனையோ துறைகளில் ஊரே திறந்தவெளியில் குளித்திருக்கிறது. ஆனாலும் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு மறைவு இருந்தது. அடுத்தவர் கண்ணில் இருந்த ஒழுக்கம்தான் அந்த மறைவுக்குச் சுவர்.

போன வாரம் டவுனில் ஒரு டீக்கடையில் போன் ஒட்டுக்கேட்பு பற்றிப் பேச்சு வந்தது. உடன் இருந்த பெரியவர் ஒருவர், "நம்மகிட்ட ஒளிக்க என்ன இருக்கு அண்ணாச்சி? கேட்டா கேட்டுட்டுப் போறான்" என்றார். கள்ளமில்லாத மனிதர். அவர் சொன்னது ஒரு வாரமாக என்னை விடவில்லை.

ஒளிக்க ஒன்றும் இல்லாத ஒருவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார். நினைத்ததையெல்லாம் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதியவர் பாரதி. அவரைத்தான் புதுச்சேரியில் பத்தாண்டுகள் ஒற்றர்கள் சுற்றி வந்தார்கள். கடிதங்களும் தப்பவில்லை. 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது. டிசம்பரில் விடுதலை செய்தபோது நிபந்தனை போட்டார்கள்: திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்கித்தான் வெளியிட வேண்டும். அப்படித்தான் அவர் மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிக்க மட்டும் கண்காணிப்பு இருந்ததில்லை. பேசுகிறவனை ஒடுக்கவும் அது பயன்பட்டது. அதற்குச் சாட்சி கடையம்.

அன்று தந்தியை வழிமறிக்க 1885-இல் வந்த தந்திச் சட்டம் இருந்தது; தபாலைப் பிரிக்க 1898-இல் வந்த அஞ்சல் சட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் இரண்டும் போகவில்லை. சுதந்திர இந்தியாவில் தொலைபேசியை ஒட்டுக்கேட்க எல்லா அரசுகளும் அந்தத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவையே கையில் எடுத்தன. 1996 டிசம்பரில் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு கடிவாளம் போட்டது. உள்துறைச் செயலாளர் மட்டத்தில்தான் ஆணை பிறக்க வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், எப்படி நீட்டினாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தன் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதைப் படித்தபோது தாத்தாவின் கனைப்பு காதில் விழுந்தது.

இன்னும் அருகில் ஒரு தீர்ப்பு. ஒரு லஞ்ச வழக்குக்காக, சென்னைக்காரர் ஒருவரின் போனை ஒட்டுக்கேட்க 2011-இல் மத்திய உள்துறை ஆணையிட்டது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் அந்த ஆணையை ரத்து செய்தார். பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களையே சட்டம் சொல்கிறது. ரகசியமாகக் குற்றத்தைத் துப்பறிவது இரண்டிலும் சேராது என்றார். ஒட்டுக்கேட்டதை மறுஆய்வுக் குழு முன் வைக்காததையும் எடுத்துக் காட்டினார். சட்டம் கேட்ட ஒரே ஒரு சரிபார்ப்புகூட நடக்கவில்லை என்பதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

பழைய சட்டங்களின் இடத்தில் புதியவை வந்துவிட்டன. ஓட்டை அடைபடவில்லை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துக்கு 2024 டிசம்பரில் வந்த விதிகளின்படியும், ஆணையில் கையெழுத்திடுபவர் உள்துறைச் செயலாளர். அது சரியா என்று பார்ப்பது மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் குழு, மாநிலத்தில் தலைமைச் செயலாளர் குழு. கேட்பதும் அரசு, அனுமதிப்பதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. நடுவில் நீதிபதி என்று ஒருவர் கிடையாது. 2023 அஞ்சல் சட்டமோ, எந்தச் சட்டத்தை மீறினாலும் தபாலைப் பிரிக்கலாம் என்கிறது. தனிநபர் தரவுகளைக் காக்க வந்த சட்டத்திலும், அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளலாம்.

வெடிகுண்டு வைப்பவனையும் பிள்ளை கடத்துபவனையும் போலீஸ் ஒட்டுக்கேட்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது மூன்றே மூன்று. ஆணையில் ஒரு நீதிபதியின் கையெழுத்து வேண்டும். விசாரணை முடிந்தபின், ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பேரை ஒட்டுக்கேட்டார்கள் என்ற கணக்கைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்க வேண்டும். வீட்டைச் சோதனையிட வருகிற போலீஸ்காரர் வாசலில் நிற்பதாவது நம் கண்ணுக்குத் தெரியும். போனுக்குள் வருகிறவருக்குக் காலடிச் சத்தமே இல்லை. வந்தது தெரியாதவன் எந்தக் கோர்ட்டில் போய் முறையிடுவான்?

அன்று டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெரியவருக்குப் போன் வந்தது. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள். "சொல்லு தாயி" என்றபடி எழுந்தார். ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, வாயைக் கையால் அணைத்துக்கொண்டு பேசினார். பெஞ்சில் இருந்த நாங்கள் மூவரும், யாரும் சொல்லாமலே, எங்கள் பேச்சைக் கொஞ்சம் உரக்கப் பேச ஆரம்பித்தோம்.