மூன்று மதிப்பெண்ணும் இரண்டு முருகன்களும்

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

என் பேத்தி பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நூலக மென்பொருளுக்கு யூஎம்எல் கிளாஸ் டயகிராம் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கொடுத்தாள். நூலகத்துக்கும் உறுப்பினருக்கும் நடுவே வெறும் கோடு. "வெற்று டைமண்ட் எங்கே?" என்று 3 மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். மாதிரி விடையில் டைமண்ட் இருந்ததாம். அவ்வளவுதான் காரணம்.

நான் டீச்சர் டிரெயினிங் படித்தவன். இதையெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு பேத்தியோடு உட்கார்ந்து கற்றேன். நிரப்பிய டைமண்டுக்கு உறுதியான பொருள் உண்டு. பள்ளிக் கட்டடமும் வகுப்பறையும் போல. கட்டடத்தை இடித்தால் அறை ஏது? ஆனால் வெற்று டைமண்டின் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, வரைபவருக்கு வரைபவர் மாறும் என்று யூஎம்எல் தரநிலை ஆவணமே சொல்கிறது. 1997 முதல் அதைப் பேணிவரும் ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்பே திறந்து விட்ட கதவை இங்கே சிவப்பு மையால் பூட்டுகிறார்கள்.

"ஏனம்மா கோடு போட்டாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! உறுப்பினர் நூலகத்தின் பகுதி இல்லை, அங்கே வந்து போகிறவர் என்று சொல்லியிருப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் உண்மையிலேயே ஒரு தப்பு செய்திருந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. ஸ்டார்யூஎம்எல்லில் கோப்பைத் திறந்து, பேக்கேஜ்கள் தெரியும் மரத்தை விரிக்கச் சொன்னேன். 'பதிவு' பேக்கேஜில் ஓர் உறுப்பினர், 'இரவல்' பேக்கேஜில் இன்னோர் உறுப்பினர்! இரண்டாவது படத்துக்கு முதல் கிளாஸையே மரத்திலிருந்து இழுத்துப் போட்டிருக்க வேண்டும். புதிதாக ஒன்றை உண்டாக்கி அதே பெயரை வைத்துவிட்டாள். பேக்கேஜ் வேறு என்றால் மென்பொருள் ஆட்சேபிக்காது. ஆறாம் வகுப்பு அ பிரிவில் ஒரு முருகன், ஆ பிரிவில் ஒரு முருகன் இருந்தீர்களே, அப்படித்தான். பெயர் ஒன்று, ஆள் வேறு. (இருவரும் இதைப் படிப்பீர்கள், சிரிக்காதீர்கள்.)

சொன்னதும் படத்திலிருந்து அழித்தாள். மரத்தில் அப்படியே இருந்தது. குரூப் போட்டோவைக் கிழித்தால் வருகைப் பதிவேட்டில் பெயர் போய்விடுமா? மாடலிலிருந்தே நீக்க வைத்தேன்.

அச்சிட்ட தாளில் இந்தத் தப்பு தெரியவே தெரியாது. தாளைத் திருத்துகிறவருக்கு டைமண்ட் மட்டும்தான் தெரியும்.

"அத்தனை நோட்டையும் திருத்த நேரம் ஏது சார்?" என்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் கேட்பீர்கள். கட்டுக் கட்டாகக் கட்டுரை நோட்டு திருத்தியவன்தான் நானும். நோட்டை விடுங்கள். கோப்பைத் திறக்கச் சொல்லி, பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டே நிமிடம்.

ஐடியில் இருக்கும் பிள்ளைகளே, நான் சொன்னதில் தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

போன 3 மதிப்பெண்ணைக் கேட்கப் போகமாட்டேன் என்கிறாள் பேத்தி. இரண்டு உறுப்பினர் விஷயத்தையும் நீயே சொல்லிவிட்டு, அதற்கு வேண்டுமானால் குறைக்கச் சொல், இதைத் திருப்பிக் கேள் என்கிறேன் நான். திங்கட்கிழமை கல்லூரி.