கைகாட்டிப் பரீட்சை

காளவாசலில் நமக்குப் பழக்கமான வாலிபர் ஒருவர் இருக்கிறார். ரயில்வேயில் ஸிக்னல் உத்தியோகம். இரவுச் சாப்பாடு ஆனதும் பெரிய காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதில் தண்டவாளம், கிளைப் பாதை, லெவல் கிராஸிங் எல்லாம் வரைந்திருக்கும். கைகாட்டிகளை எங்கெங்கே வைப்பது என்று பென்ஸிலால் குறிப்பார், அழிப்பார், மறுபடி குறிப்பார். போடி வண்டி ஊதிக்கொண்டு போனாலும் தலை நிமிர மாட்டார்.

லண்டனில் 1912-ல் தோன்றிய ரயில்வே ஸிக்னல் எஞ்சினீயர்கள் சங்கத்தின் பரீட்சைக்காகத்தான் இவ்வளவு பாடும்.

"செகந்திராபாத்தில் 1957 முதல் நம்முடைய ஸிக்னல் கல்வி நிலையமே நடக்கிறதே, சீமை முத்திரை எதற்குத் தம்பி?" என்று கேட்டோம்.

"முத்திரைக்காக இல்லை, ஸார். எது எப்படிக் கெட்டுப்போகும் என்று யோசித்துப் பழகுவதற்காக" என்றார்.

பிறகு விளக்கினார். தண்டவாளத்தில் சிறிது மின்சாரம் ஓடுகிறது. அது ரிலே என்னும் சாதனத்துக்குப் போய்ச் சேரும் வரையில் பாதை காலி என்று அர்த்தம். வண்டி வந்தால் மின்சாரம் சக்கரங்களின் வழியே குறுக்கே போய்விடும். ரிலே விழும், சிவப்பு எரியும். தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும் சிவப்புத்தான். கெட்டாலும் நல்ல பக்கமே சாய வேண்டும் என்பதே இந்தச் சாஸ்திரத்தின் தர்மம்.

"அப்படியானால் பயமே இல்லை என்று சொல்லும்!"

"மின்சாரம் வராவிட்டால் பயமில்லை, ஸார். வரக் கூடாத வழியில் வந்தால்தான் ஆபத்து."

லண்டனில் கிளாப்பம் ஜங்ஷனுக்கு அருகே 1988 டிசம்பர் 12-ந் தேதி நடந்தது அதுதான். புதுக் கம்பி போட்டவர் பழைய கம்பியை வெட்டிக் கட்டாமல் விட்டுவிட்டார். அது பழைய இடத்தையே தொட்டு, ரிலேயை விழவிடாமல் செய்தது. முன்னே வண்டி இருந்தும் சிவப்பு எரியவில்லை. 35 பேர் மாண்டார்கள். கம்பி போட்டவர் அதற்கு முந்திய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு எடுத்திருந்தார். அவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை.

நம் தேசத்திலும், 2023 ஜூன் 2-ந் தேதி ஒரிஸாவில் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பச்சை கிடைத்தது. பாதையோ சரக்கு வண்டி நின்ற கிளைக்குத் திரும்பியிருந்தது. 290 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஸிக்னல் கம்பிகளை மாற்றியதில் நேர்ந்த பிழைகளே காரணம் என்று விசாரணை கூறிற்று.

இதையெல்லாம் கேட்டபின் நமக்குத் தோன்றியது இதுதான். பரீட்சை அறிவைத் தரும். ஆனால் களைத்துப் போன கண்ணுக்கு அறிவு இருந்து என்ன பிரயோஜனம்? போதிய ஓய்வையும், செய்த வேலையைச் சரிபார்க்க இரண்டாவது ஆளையும் நிர்வாகந்தான் தர வேண்டும். கிளாப்பத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டினார்கள். முப்பத்தைந்து உயிர் கொடுத்துக் கற்ற பாடம் அது. நாம் இரவலாகவே பெற்றுக்கொள்ளலாம்.

மணி பன்னிரண்டு அடித்தது. மறுநாள் அதிகாலை அவருக்கு டியூட்டி.

"தம்பி, இன்றைய பாடம் போதும், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கும்" என்று சொல்லி எழுந்தோம். நல்ல வேளையாக, அந்த ஒரு ஸிக்னலுக்கு அவர் உடனே கட்டுப்பட்டார்.