காதுக்குள் இரையும் போன்

சில வருடங்களுக்கு முன் பேசாலைப் பக்கம் ஒரு மாதர் சங்கக் கூட்டம். தலைவி அக்கா ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி சுழற்சிக் கடன் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தார். நிலுவை வைத்திருப்பவர்களின் பட்டியலுக்கு வரும் நேரம் பார்த்து ஒலிபெருக்கிப் பெட்டி "டிட்டிடிட் டிட்டிடிட் டர்ர்ர்" என்று இரையத் தொடங்கியது. "அக்கா, உங்களுக்குப் போன் வரப்போகுது" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். சொல்லி வாய் மூடவில்லை, தலைவியின் கைப்பைக்குள் போன் அடித்தது. கூடமே சிரித்தது. பட்டியலில் பெயர் இருந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள்.

இந்தச் சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஊர்களில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றோ இரண்டோதான். எங்கள் வீட்டில் அது வானொலிப் பெட்டிக்கு மேலே இருந்தது. போனும் வானொலியும் ஒரே தட்டில் குடித்தனம் நடத்தின. இரவு தமிழோசைச் செய்தியின் நடுவே இரைச்சல் வந்தால் "அந்தப் போனைத் தூக்கு" என்று அப்பா அதட்டுவார். தூக்கினால் சிக்னல் போய்விடும். வைத்தால் செய்தி போய்விடும்.

எனக்கும் அது அப்போது வெறும் தொல்லைதான். முசலிப் பக்கத்தில் ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போன பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

2007இல் அந்தப் பகுதியில் இருந்து இடம்பெயர்ந்தவர்களில் அவரும் ஒருவர். பக்கத்தில் செல் விழுந்ததில் உயிர் தப்பியது, வலது காது முழுதாகவும் இடது காது பாதியும் போய்விட்டன. ஊர் திரும்பிப் பல வருடங்களின் பின் ஒரு நடமாடும் சேவையில் இடது காதுக்குக் கேட்கும் கருவி கொடுத்திருந்தார்கள். நான் போனபோது அது அலுமாரி லாச்சிக்குள் ஒரு பழைய துணியில் சுற்றிக் கிடந்தது.

"ஏன் அம்மா போடுறேல்ல?"

"அது மண்டைக்குள்ள இரையுது பிள்ளை. பிள்ளையோட கதைக்கிற நேரம் பார்த்துத்தான் இரையுது. எனக்குத்தான் ஏதோ வருத்தம் எண்டு பயந்து கழட்டிப்போட்டன்."

அவருடைய மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் போன் எடுக்க அனுமதி. வீட்டில் இருப்பது ஒரு பழைய பொத்தான் போன். அம்மா அதைக் கருவி போட்ட காதில் வைப்பார், மகளின் குரலுக்குப் பதில் "டர்ர்ர்" என்ற சத்தம்தான் கேட்கும். பிறகு பேரன் போனை வாங்கிக் கதைத்துவிட்டு, "அம்மா சுகமாம், காசு அனுப்பினவவாம்" என்று சைகையும் சத்தமுமாகச் சொல்வான். ஏழு மாதமாக மகளின் குரலை அவர் கேட்கவில்லை.

கருவியில் பழுது இல்லை. அம்மாவுக்குப் புதிதாக எந்த வருத்தமும் இல்லை. போன் வேலை செய்கிற விதம்தான் காரணம்.

1989இல் செல்டெல் இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது இருந்த பழைய முறையில் இந்த இரைச்சல் கிடையாது. 1995இல் டயலொக் கொண்டுவந்த ஜிஎஸ்எம் முறையோடு வந்தது இது. இன்று நாங்கள் 2ஜி என்று சொல்வது அதைத்தான். அதில் ஒரே அலைவரிசையை எட்டுப் போன்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். பொதுக் குழாயடியில் எட்டுப் பேர் முறைவைத்துத் தண்ணீர் பிடிப்பதைப் போலத்தான். ஆனால் ஒருவருக்குக் கிடைக்கும் முறை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில் பாதிக்குச் சற்றுக் கூட. அதற்குள் பேச்சில் ஒரு துண்டை அனுப்பிவிட்டு உங்கள் போன் அடங்கிவிடும், மறுபடி முறை வந்ததும் அனுப்பும். இப்படி ஒரு செக்கனுக்கு 217 தடவை.

வானொலி அலையை எங்கள் காதால் கேட்க முடியாது. ஆனால் செக்கனுக்கு 217 தடவை எழுந்து அடங்கும் துடிப்பு, மனிதக் காது கேட்கக்கூடிய சத்தத்தின் எல்லைக்குள் வருகிறது. ஒலிபெருக்கிப் பெட்டியின் வயர் அன்டெனா மாதிரி அந்த அலையை வாங்குகிறது. உள்ளே இருக்கும் சுற்று அந்தத் துடிப்பையும் யாரோ பேசும் சத்தம் என்று எடுத்துக்கொண்டு பெருக்கிவிடுகிறது. காதுக் கருவியும் ஒரு சின்ன ஒலிபெருக்கிதானே. ஒலிவாங்கி, பெருக்கி, ஸ்பீக்கர் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. போனை அதன்மேல் ஒட்டி வைத்தால் வேறென்ன நடக்கும்?

மணி அடிப்பதற்கு முன்பே இரைவதற்கும் காரணம் இருக்கிறது. அழைப்பு வந்ததும் போனும் டவரும் முதலில் தங்களுக்குள் பேசி ஒழுங்கு செய்துகொள்கின்றன, அதன் பிறகுதான் மணி அடிக்கும். அழைப்பே இல்லாமல் இரைந்தால், போன் தான் எங்கே இருக்கிறேன் என்று டவருக்கு அறிவிக்கிறது. யுத்த காலத்தில் இந்தச் சத்தம் வந்தால் "ஆரோ ஒட்டுக் கேக்கிறாங்கள்" என்று பேச்சை நிறுத்திவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். அன்றைய நிலையில் அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரைச்சல் ஒட்டுக் கேட்பதன் அடையாளம் அல்ல.

எங்கள் கரையோரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பக்கத்தில் நிற்பவரோடு மெல்லப் பேசுவோம், கரையில் நின்று தோணிக்காரரைக் கூப்பிட்டால் கத்துவோம். போனும் அப்படித்தான். டவர் கிட்ட இருந்தால் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், தூர இருந்தால் 2 வாற்று வரை கூட்டும். சாதாரணமாக ஒரு 2ஜி டவரின் எட்டம் 35 கிலோமீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். அங்கே கரையில் நின்றால் சில வேளை போனில் இந்தியக் கம்பனியின் பெயர் தெரிவது இதனால்தான். சிக்னல் குறைந்த வீட்டில் போன் உரக்கக் கத்துகிறது, கருவியும் அங்கேதான் கூடுதலாக இரைகிறது.

வெளிநாடுகளில் இதைச் சட்டத்தால் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். காதுக் கருவிக்கு ஏற்ற தொலைபேசி வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1988இலேயே வந்தது. அதில் கைத்தொலைபேசிக்கு விலக்குக் கொடுத்திருந்தார்கள். 2003இல் அங்குள்ள தொடர்பாடல் ஆணைக்குழு அந்த விலக்கைக் குறைத்து, கம்பனிகள் இரைச்சல் குறைந்த போன்களையும் விற்க வேண்டும் என்று விதித்தது. சில போன் பெட்டிகளில் எம்3, எம்4 என்று போட்டிருந்தது அதற்கான குறியீடு, இலக்கம் கூடினால் இரைச்சல் குறைவு. இப்போது வரும் காதுக் கருவிகளும் முன்னையவற்றை விட இதைத் தாங்குகின்றன. 3ஜி, 4ஜி முறைகளில் இந்த 217 தடவைத் துடிப்பும் இல்லை. ஆனால் பொத்தான் போன் இன்னும் 2ஜியில்தான் பேசுகிறது, அது யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

என் கோபம் வேறு. அந்த அம்மாவுக்குக் கருவி கொடுத்த அன்று கையெழுத்து வாங்க நேரம் இருந்தது, வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கவும் நேரம் இருந்தது. "அம்மா, போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ" என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. நானும் அந்தக் கிராமத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன். ஏன் அவர் கருவி போடுவதில்லை என்று கேட்க எனக்கும் ஏழு மாதம் எடுத்தது.

உங்கள் வீட்டிலும் யாராவது கருவியைக் கழற்றி வைத்திருந்தால் முதலில் என்ன சத்தம் என்று கேளுங்கள். "கூ" என்று விசிலடித்தால் அது வேறு விஷயம். காதில் பொருத்தும் அச்சுச் சரியாக இறுகவில்லை, கிளினிக்கில் காட்ட வேண்டும். "டர்ர்ர்" என்றால் போன்தான். சட்டைப் பையிலும் மேற்சட்டைக்குள்ளும் போனை வைக்க வேண்டாம். பேசும்போது ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்து ஒரு கை நீளமாவது தள்ளி இருக்கட்டும். மற்றக் காது கொஞ்சம் கேட்குமென்றால் போனை அந்தப் பக்கம் பிடிக்கலாம். கூட்டம் நடத்தும் அக்காமார் ஒலிவாங்கி பிடிக்கும் முன் கைப்பையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அங்கேயே இருந்தேன். பற்றரி புதிதாகப் போட்டோம். பேரன் போனை ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். அம்மா பாயில் சற்றுத் தள்ளி இருந்தார். முதலில் மெல்லிய இரைச்சல், பிறகு மகளின் குரல். வழக்கம்போல "நான் சுகமாத்தான் இருக்கிறன் அம்மா" என்றார் மகள்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு போனைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்:

"குரல் அடைச்சுக் கிடக்கு. அழுதனியே?"