‘மறக்க மாட்டோம்’ நம்பர் பிளேட்: நினைவுக்காகக் கொடுத்த காசு எங்கே போச்சு?

2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களுமே கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டியவை. மூன்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு, ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. தாக்குதல் நடந்தது நாட்டின் மறுகோடியில். ஆனால் இறந்தவர்களில் கலிஃபோர்னியாக்காரர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநில சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தேசியக் கொடியும் ‘ஒருபோதும் மறக்க மாட்டோம்’ என்ற வாசகமும் போட்ட கார் நம்பர் பிளேட்டை அரசே விற்கும். வரும் பணத்தில் ஒரு பங்கு, இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கல்வி உதவித்தொகை. மீதி, பயங்கரவாதத் தடுப்புப் பணிகளுக்கு.

கேட்க நல்லாத்தான் இருந்தது. பத்து வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அதென்ன நினைவு நம்பர் பிளேட்?

இது ஃபேன்சி நம்பர் சமாசாரம் இல்லை. எண் எதுவாகவும் இருக்கலாம், பிளேட்டின் டிசைன்தான் இங்கே சரக்கு. அமெரிக்காவில் வாகனப் பதிவு மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. ஒரு நிகழ்வின் நினைவாகவோ ஒரு நல்ல காரியத்துக்காகவோ தனி டிசைன் வேண்டும் என்றால், பல மாநிலங்களில் அதற்கென்று மசோதா நிறைவேற வேண்டும். கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு யாருக்கு என்பதெல்லாம் அந்தச் சட்டத்தில்தான் எழுதப்படும். பிடித்தவர்கள் வழக்கமான பதிவுக் கட்டணத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். பிளேட்டை வைத்திருக்கும்வரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கூடுதல் கட்டணம் உண்டு. கலிஃபோர்னியாவில் புது டிசைன் ஒன்று அச்சாக 7,500 பேராவது முன்கூட்டியே பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த வழக்கத்தை ஆரம்பத்திலேயே தொடங்கிய மாநிலங்களில் ஒன்று ஃபுளோரிடா. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் பலியானார்கள். அடுத்த ஆண்டே சேலஞ்சர் படம் போட்ட பிளேட் விற்பனைக்கு வந்தது. அந்தப் பணம் எங்கே போனது என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை, நேரில் போய்ப் பார்க்கலாம். கென்னடி விண்வெளி மையத்தில் 1991-ல் திறக்கப்பட்ட ‘ஸ்பேஸ் மிரர்’ நினைவிடம் அந்தக் காசில் எழுந்ததுதான். கறுப்பு கிரானைட் சுவரில் வீரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே போய் நிற்கும் ஒரு கார் ஓனர் ‘இதில் நம்ம காசும் இருக்கு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவில் நடந்தது வேறு. 2012-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி, அந்தப் பிளேட் மூலம் அதுவரை வசூலானது சுமார் 1.5 கோடி டாலர். கல்வி உதவித்தொகையாகக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 21 ஆயிரம் டாலர். ஆமாம், ஆயிரம்தான். ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர், ஜெர்ரி பிரவுன் என இரண்டு ஆளுநர்களின் ஆட்சியிலும் பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்க இந்த நிதியிலிருந்து மொத்தம் 30 லட்சம் டாலர் கடனாக எடுக்கப்பட்டிருந்தது. ‘பயங்கரவாதத் தடுப்பு’ என்ற தலைப்பில் கால்நடை நோய்கள் தொடர்பான வேலைக்கும் பணம் போயிருந்தது.

இதைத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. சிக்கலே அங்கேதான். யாரும் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடன் என்று எழுதித்தான் எடுத்தார்கள். கால்நடை நோயைக்கூட உயிரி ஆயுதத் தாக்குதலோடு முடிச்சுப் போட்டு நியாயம் சொல்ல முடியும். சட்டத்தின் வார்த்தைகள் அவ்வளவு தளர்வாக இருந்தன. ஆனால் விளம்பரத்தில் முன்னால் நின்றது பிள்ளைகளின் படிப்பு. அதை நம்பித்தானே ஜனங்கள் கூடுதல் காசு கட்டினார்கள்? துக்கத்தைக் காட்டிக் காசு கேட்டுவிட்டு, அதைப் பொதுக் கஜானாவின் அவசரச் செலவுக்குக் கைமாற்றாக எடுப்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். அறத்தின்படி சரியில்லை.

‘அப்படியென்றால் நேரடியாக ஒரு அறக்கட்டளைக்கே கொடுத்துவிடலாமே’ என்று கேட்கலாம். கொடுக்கலாம்தான். ஆனால் பலரும் பிளேட் வாங்குவது, அரசு வாங்குகிற பணத்துக்குக் கணக்கு இருக்கும் என்ற நம்பிக்கையில். இதில் நீதிமன்றமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது. உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி போட்ட பிளேட்டை டெக்சாஸ் மறுத்த வழக்கில், 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: நம்பர் பிளேட்டில் இருப்பது கார்க்காரரின் பேச்சல்ல, அரசின் பேச்சு. அந்தக் கணக்கில் பார்த்தால் ‘மறக்க மாட்டோம்’ என்று சொன்னதும் அரசுதான். வேண்டாத டிசைனை மறுக்கும்போது மட்டும் ‘இது எங்கள் பேச்சு’ என்று உரிமை கொண்டாடிவிட்டு, கணக்கு கேட்கும்போது நழுவ முடியாது.

2013-ல் கலிஃபோர்னியாவின் மாநிலத் தணிக்கையாளரும் இத்தகைய பிளேட் நிதிகளை ஆராய்ந்தார். வரவேண்டிய வருமானத்தில் ஒரு பகுதி வசூலிக்கப்படவே இல்லை என்றும், சில செலவுகள் அனுமதிக்கப்படாதவை, சிலவற்றுக்கு ஆதாரம் இல்லை என்றும் அறிக்கை சொன்னது.

என்ன செய்திருக்கலாம்? ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் வேண்டாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதோடு, அந்த நிதியில் இருந்து அரசு கடன் எடுக்கக்கூடாது என்று மசோதாவிலேயே ஒரு வரி. உதவி பெறத் தகுதியானவர்கள் தாங்களாக விண்ணப்பிக்கக் காத்திருக்காமல், அரசே தேடிப்போய்த் தகவல் சொல்ல வேண்டும் என்று இன்னொரு வரி. சில டஜன் குடும்பங்கள்தான், தேடிக் கண்டுபிடிக்க முடியாத கூட்டம் இல்லை. அப்புறம், புதுப்பிப்பு நோட்டீஸ் வரும்போதே போன வருஷக் கணக்கும் கூடவே வரட்டும்.

இதே கலிஃபோர்னியாவில் 1997-லிருந்து திமிங்கல வால் படம் போட்ட ஒரு பிளேட் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கடற்கரைத் தூய்மைக்கும், மாணவர்களைக் கடலோரத்துக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கும் அமைப்புகளுக்கும் கரையோர ஆணையம் மானியமாகக் கொடுக்கிறது. எந்த அமைப்புக்கு, எதற்காக என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.