வண்டியின் மேனி

சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று நாம் எழுதுகோலை வைத்துவிட்டுத் துணியும் மெழுகுமாக நின்றோம். அதற்குக் காரணர், நாக்பூரில் நம் அண்டைவீட்டிலிருக்கும், ரயில்வே பணியில் ஓய்வு பெற்ற திருநெல்வேலி அண்ணாச்சி.

காரின் பின்னே பிணைத்து இழுத்துச் செல்லும் சிறு வீட்டு வண்டி ஒன்றை அவர் பழையதாக வாங்கினார். படுக்கையும் அடுப்பும் அதனுள் அடக்கம். பேரப்பிள்ளைகளுக்கு வழிநெடுக ஊர்களைக் காட்டித் தாமிரபரணிக் கரை சேர்வது அவரது அவா. மகனோ, வெளிறிப்போன வண்டியைக் கண்டு, “பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுங்கள், அப்பா” என்று கூறிவிட்டார்.

கையால் தடவினால் சுண்ணாம்புபோல் வெண்பொடி ஒட்டியது. அண்ணாச்சி சிறிது நீர் தெளித்தார். நனைந்த இடம் பளிச்சிட்டது. “தோல்தான் வெந்திருக்கிறது, தம்பி, உடம்பு நன்றாயிருக்கிறது” என்றார். கண்ணாடியிழை வண்டியின் மேற்பூச்சு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உடையது. வெயிலின் புறஊதாக் கதிர்கள் அதன் மேல்முகத்தைச் சிதைப்பதனால் பொடி எழுகிறது. அப்பொடியின்மீது மெழுகு பூசினால் மங்கல் மறையாது. முகம் கழுவாமல் பவுடர் இட்ட கதைதான்.

ஆகவே முதலில், பொருத்துவாய்களில் அடைப்புப் பசை வெடித்துள்ளதா என்று பார்த்தோம். வெடிப்பு இருப்பின் கழுவும் நீரே உள்ளே கசியும். பின்னர் நிழலில் நிறுத்தி, மென்மையான சோப்பு நீரால் கழுவி உலர்த்தினோம். தேய்ப்புப் பசையை மறைவான ஒரு மூலையில் சோதித்தபின், இரண்டடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு தேய்க்கலானோம்.

இங்கேதான் நாம் பிழை செய்தோம். பொழுது சாய்வதற்குள் முடிக்கும் அவசரத்தில், ஒரு விளிம்பை அழுத்தித் தேய்த்துவிட்டோம். மேற்பூச்சு தேய்ந்து, அடியிலிருந்த இழை தெரிந்தது. நமக்கு நா எழவில்லை. அண்ணாச்சி கடிந்துகொள்ளவில்லை. “விளிம்பில் பூச்சு மெலிது, அங்கே விரல் பட்டும் படாமலும் போகவேண்டும்” என்று மட்டும் சொல்லி, மறுவாரம் தாமே பூச்சிட்டுச் சரிசெய்தார். நிறம் சற்று வேறுபட்டே நிற்கிறது. நமது கையெழுத்து அது.

இறுதியில் மெழுகு. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கர்நாபா மெழுகு கலந்தது அது. மெல்லியதாகப் பூசி, பனித்திரைபோல் படிந்ததும் தூய துணியால் துடைத்தெடுத்தோம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் படாமல் காத்தோம். பட்டால் வெண்கறை நிற்கும். மெழுகு என்றென்றைக்கும் நிலைப்பதன்று. நீர் முத்தாக உருளாமல் பரவத் தொடங்கினால் மீண்டும் பூசவேண்டும்.

மாலையில் மகன் வந்தார். வண்டியைத் தடவித் தம் உள்ளங்கையைப் பார்த்தார், பொடியில்லை. நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு குனிந்து சக்கரங்களைப் பார்த்து, “டயர்கள் பழையவை, அப்பா, இவற்றை மாற்றாமல் குழந்தைகளை ஏற்றக்கூடாது” என்றார்.

அண்ணாச்சி நம்மைப் பார்த்தார். விற்கப் போகும் வண்டிக்கு எவரும் புது டயர் தேடுவதில்லை அல்லவா?